உயரத்துக்கு ஓர் எழுத்து

தையல்காரரின் கழுத்தில் தொங்கும் டேப் 60 அங்குலம். நான் 71. சிங்கப்பூர் தேக்கா நிலையத்தின் மாடியில் சல்வாருக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தபோது இந்தக் கணக்கு மனதில் ஓடியது. தையல்காரருக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. அவருக்கு யாருடைய மொத்த உயரமும் வேண்டாம். தோள், மார்பு, கை, இடுப்பிலிருந்து கணுக்கால் என்று ஆளைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு பிறகு துணியில் ஒன்றுசேர்ப்பார். ஆயத்த உடைக் கடையில் அந்தச் சேர்க்கும் வேலைக்கு ஆள் கிடையாது. அங்கே எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று எழுத்துகள் தொங்குகின்றன. எழுத்து ஏற ஏற ஆள் பெரியவர். எந்தத் திசையில் பெரியவர் என்பதைப் பற்றி அந்த எழுத்துக்குக் கவலை இல்லை.

நான் பேச வந்தது உடற்பயிற்சி உடுப்பைப் பற்றி. அதிலும் வீட்டுக்குள், யார் கண்ணிலும் படாமல் போட்டுக்கொள்ளும் உடுப்பைப் பற்றி. இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள் ஐந்தரை அடிக்குள் இருப்பவர்களாக இருக்க வேண்டும்.

ஈசூனில் எங்கள் வரவேற்பறை உடற்பயிற்சிக் கூடமாக மாறியது 2020இல். அந்த ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூரில் ‘சர்க்கியூட் பிரேக்கர்’ என்ற கோவிட் ஊரடங்கு. உடற்பயிற்சிக் கூடங்கள் எல்லாம் பூட்டு. கூ டெக் புவாட் மருத்துவமனையை ஒட்டியிருக்கும் ஈசூன் குளத்தைச் சுற்றித் தனியாக நடக்கலாம், ஓடலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் வீட்டுக்குள்தான். மாலையானால் எங்கள் புளோக்கில் மேல்வீட்டுக்காரர் குதிப்பார், கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்வார். கிருமி அடங்கிய பிறகும் பழக்கம் தங்கிவிட்டது. காசும் மிச்சம், நேரமும் மிச்சம். பக்கத்து டிரெட்மில்காரரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டியதும் இல்லை.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கூரை ஏறக்குறைய 2.6 மீட்டர். அதிலிருந்து மின்விசிறி தொங்கும். சூரிய நமஸ்காரத்தின் தொடக்கத்திலேயே கைகளை மேலே உயர்த்த வேண்டும். அதற்கு முன் நான் விசிறியை நிறுத்த வேண்டும். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் விசிறியை நிறுத்திவிட்டு உடற்பயிற்சி செய்வது என்ன பாடு என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் யோகா விரிப்பின் நீளம் 173 செ.மீ.; நான் 180. சவாசனத்தில் படுத்தால் தலையை விரிப்பில் வைப்பதா, குதிகாலை வைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். ஆனால் இவை எல்லாம் வெளியில் இருக்கும் பொருள்கள். நகர்த்தலாம், இரண்டு விரிப்பை ஒட்டிப் போடலாம். உடுப்பு அப்படி இல்லை. உடம்போடு கூடவே வருகிறது, உடம்போடு வழக்காடுகிறது.

நின்ற நிலையில் கண்ணாடியில் பார்த்தால் எந்த உடுப்பும் ஓரளவுக்குப் பொருந்திவிடும். அசைந்தால்தான் சேதி தெரியும். கையைத் தூக்கினால் டி-சட்டையின் விளிம்பு தொப்புளைத் தாண்டி ஏறும். கையை இறக்கினால் அது தானாக இறங்காது. வேர்வையில் விலாவோடு ஒட்டிச் சுருண்டு நிற்கும். குனிந்து உள்ளங்கைகளை ஊன்றி இடுப்பை உயர்த்தும் நிலையில் சட்டை முழுதும் சரிந்து தாடைக்கு வந்துவிடும். ஒரு காலை முன்னே வைத்து மற்றொரு முழங்காலை மடக்கினால் லெகிங்ஸ் முழங்காலைப் பிடித்து இழுக்கும். நல்ல விளையாட்டு லெகிங்ஸில் முழங்காலின் பின்பக்கம் காற்றுப்போக வலைத்துணி வைத்துத் தைத்திருப்பார்கள். எனக்கு அந்த வலை தொடையில் வந்து நிற்கிறது. இடுப்பு வளைவுக்காக உள்வாங்கி வெட்டிய இடம் விலா எலும்பில் உட்கார்கிறது. உயரமானவருக்கு ஆயத்த உடை ‘கட்டையாக இருக்கிறது’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். உண்மையில் அந்த உடுப்பு நினைத்துவைத்திருக்கும் முழங்கால் ஓரிடம், என் முழங்கால் வேறிடம், இடுப்பும் அப்படியே.

எல்லாவற்றிலும் கொடுமை குந்தி உட்காரும்போது நடப்பது. இடுப்புப் பட்டை பின்பக்கம் வழுக்கிக் கீழே இறங்குகிறது. எழுந்து, ஏற்றிவிட்டு, மறுபடி குந்தி, மறுபடி ஏற்றிவிட்டு. இடுப்பு லூஸ் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கடைப்பெண்ணும் அதையே சொல்லி ஓர் அளவு சிறியதை எடுத்துக் கொடுப்பார். சிறியதில் இன்னும் வேகமாக இறங்கும். முன் இடுப்பிலிருந்து கவட்டை வழியாகப் பின் இடுப்பு வரைக்கும் துணி போதவில்லை என்பதே அங்கே உள்ள சிக்கல். குந்தும்போது முதுகும் பிட்டமும் நீள்கின்றன, துணி நீள மறுக்கிறது. கணுக்காலும் கவட்டையும் பிடித்துக்கொண்டிருப்பதால் விட்டுக்கொடுக்கக்கூடிய ஒரே முனை இடுப்புப் பட்டை, அது இறங்கிவிடுகிறது. இடுப்பின் சுற்றளவைக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது. அந்த முன்பின் நீளத்தை டேப்பால் ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டால், கடையில் காற்சட்டையைத் தட்டையாக விரித்து அளந்துபார்த்தே பாதியை ஒதுக்கிவிடலாம். இந்த ஓர் அளவைக் கடைகளின் அளவுப் பட்டியல்களில் நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

வீட்டில்தானே, இறங்கினால் இறங்கட்டுமே, யார் பார்க்கப்போகிறார்கள்? எதிர்ப் புளோக்கின் சன்னல்களை விட்டுவிடுவோம், திரை போட்டுக்கொள்ளலாம். நானும் நெடுநாள் இந்தக் கேள்வியோடுதான் இருந்தேன். முதுகு நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கைப்பேசியில் என்னைப் படம்பிடித்தபோது வேறொன்று தெரிந்தது. காணொளியில் பயிற்சி சொல்லித்தரும் பெண்ணின் கைகள் காதை உரசிக்கொண்டு நேராக மேலே போகின்றன. என் கைகள் நெற்றிக்கு எதிரே நின்றுவிடுகின்றன. தோளில் வலி கிடையாது, பிடிப்பும் கிடையாது. சட்டையை மாற்றி, முட்டி வரை தொங்கும் பழைய குர்தா ஒன்றைப் போட்டுக்கொண்டு அதையே செய்தேன். கைகள் காது வரை போயின. விளிம்பு ஏறப்போகிறது என்பதை உடம்பு முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு, நான் கேட்காமலே அசைவைக் கத்தரித்திருக்கிறது. குந்தும்போதும் இதே கதை. பட்டை இறங்கத் தொடங்கும் இடத்துக்கு இரண்டு விரல் முன்னாலேயே எழுந்துவிடுகிறேன். பார்க்க ஆளில்லாத வீட்டிலும் இது நடக்கிறது. துணி எட்டும் தூரம்தான் கை எட்டும் தூரம் என்று உடம்பு முடிவு செய்துவிடுகிறது.

உயரமான பெண்களுக்கு இந்தக் கத்தரிப்பு புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுக்கும்போது பின்வரிசை, அதிலும் ஓரம். கல்யாண வீட்டில் படம் எடுக்கும்போது, “கொஞ்சம் முட்டியை மடக்கி நில்லும்மா.” மின்தூக்கியில் ஏறும் சீன ஆன்ட்டி இன்றைக்கும் என்னை அண்ணாந்து பார்த்து, “வா, சோ டால்!” என்பார், அது அன்பு, அதில் குறையில்லை. நம்மவர்கள்தான், ஆள் வளர்ந்த அளவுக்கு அறிவு வளரவில்லை என்பதைப் பழமொழி கணக்காக வைத்திருக்கிறார்கள். பதினாறு வயதுக்குள் தோள் முன்னுக்கு வளைந்துவிடும். அந்த வளைவை நிமிர்த்தத்தான் நாற்பதில் உடற்பயிற்சி. நிமிர்த்துவதற்கு என்று வாங்கிய சட்டை பழையபடி குனியச் சொல்கிறது.

2018 செப்டம்பரில் சிங்கப்பூரில் ஆசிய வலைப்பந்துப் போட்டி நடந்தது. இறுதியாட்டத்தில் இலங்கை 69-50 என்று சிங்கப்பூரைத் தோற்கடித்தது. இலங்கைக்காகக் கோல் எய்தவர் தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்துப் பெண், உயரம் 208 செ.மீ. அதற்கு முன் 2011இல் உலக வலைப்பந்துப் போட்டியும் இங்கேதான் நடந்தது, அதிலும் அவர் ஆடினார். சிங்கப்பூருக்குக் கைதட்ட வேண்டிய நான் 2018இல் யாருக்குக் கைதட்டினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. வலைப்பந்தில் பந்தை வைத்துக்கொண்டு ஓட முடியாது. பிடித்த இடத்தில் நின்று எறிய வேண்டும். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தோழிகள் பந்தை வேறு யாருக்கும் எட்டாத உயரத்தில் வீசுகிறார்கள், அவர் கையை முழுதாக நீட்டி அங்கேயே அதை எடுத்துக்கொள்கிறார், நீட்டிய கையை இறக்காமலே வளையத்துக்குள் போடுகிறார். ஆட்டம் முழுதும் ஓர் உயரமான தமிழ்ப் பெண் கையை உயர்த்திக்கொண்டே இருப்பதைப் பார்ப்பது எனக்குப் புதிய அனுபவம். அவர் தன் தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தால் அந்த 69 வந்திருக்காது.

சரி, கடையின் எழுத்துகளுக்கு வருவோம். எக்ஸ்எல் வாங்கினால் நீளமும் கிடைக்குமே என்பார்கள். தோழி ஒருத்தியின் தம்பி திருப்பூரில் பேட்டர்ன் மாஸ்டர். அவரிடம் கேட்டேன்.

“சைஸ் ஏத்துறப்ப செஸ்ட்டுக்கு ரெண்டு இஞ்ச் ஏத்துவோம், லெங்த்துக்கு முக்கால் இஞ்ச். பொதுவா அவ்வளவுதானுங்க்கா.”

கணக்குப் போட்டுப் பாருங்கள். எம் அளவு உடம்புள்ள, ஆனால் உயரமான ஒருவர் எக்ஸ்எல்லுக்குப் போனால் இரண்டு படி ஏறுகிறார். நீளத்தில் கிடைப்பது ஒன்றரை அங்குலம். அதற்கு விலையாக மார்பில் நான்கு அங்குலம் காற்றைச் சுமக்க வேண்டும். கழுத்து அகன்று தோள் தையல் மேற்கைக்கு இறங்கிவிடும். அந்த அகலம் கூடாரமாக மிதந்து, குனியும்போது மொத்தமாக முகத்தில் விழும். திருப்பூர்க்காரர்கள்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. வாங்கும் நிறுவனம் ஒரு நடுத்தர அளவுக்குச் சாம்பிள் ஒப்புக்கொள்கிறது. மற்ற அளவுகள் அதிலிருந்து கிரேடிங் செய்து பிறக்கின்றன. ஐந்து அளவுகளுக்கு மூன்று நீளம் வைத்தால் பதினைந்து வகை. ஒவ்வொன்றுக்கும் தனி வெட்டு, தனிப் பெட்டி. விற்காமல் தேங்கினால் நட்டம். எல்லோருக்கும் ஒரே நீளம் என்பது கணக்குப்பிள்ளையின் முடிவு.

அந்த முடிவு எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1939, 1940 ஆண்டுகளில் அமெரிக்க வேளாண்மைத் துறைக்காக ரூத் ஓப்ரையன், வில்லியம் ஷெல்டன் என்ற இருவர் சுமார் 15,000 பெண்களை அளந்தார்கள், ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள். (கணக்கில் எடுத்துக்கொண்டது வெள்ளைக்காரப் பெண்களை மட்டும், அந்தக் காலத்து ‘எல்லோரும்’ அவ்வளவுதான்.) 1941இல் வெளிவந்த அறிக்கை, ஒரு பெண்ணின் உடம்பை ஊகிக்க மார்பளவைவிட உயரமும் எடையும் சேர்ந்து நன்றாக உதவுகின்றன என்று கண்டது. கடையில் எந்தப் பெண் எடையைச் சொல்வாள் என்று வணிகர்கள் தயங்கினார்கள். இருந்தாலும் உயரம் முழுதாகக் கைவிடப்படவில்லை. 1958இல் வந்த அமெரிக்க அளவுத் தரத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருந்தது: உயரமானவருக்கு டி, நடுத்தரத்துக்கு ஆர், குட்டையானவருக்கு எஸ். இடுப்புக்குத் தனிக் குறி. பார்க்க எரிச்சலூட்டும் குறிப்புதான், ஆனால் அதில் ஆள் இருந்தாள்.

அதே 1958இல்தான் டூபான்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் இழுத்தால் நீளும் ஒரு நூலைக் கண்டுபிடித்தார். பின்னாளில் லைக்ரா என்று உலகம் முழுதும் அறிமுகமான நூல். துணியே உடம்புக்கு ஏற்ப நீண்டு கொடுக்கும் என்றால் பதினைந்து வகை அளவு எதற்கு? அந்த அளவுத் தரம் 1983இல் கைவிடப்பட்டது. நிறுவனங்கள் தத்தம் விருப்பத்துக்கு எண் போட்டுக்கொண்டன, எழுத்துப் போட்டுக்கொண்டன. நூல்தான் அதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ‘ஸ்ட்ரெச் இருக்கு மேடம், போட்டா சரியாயிடும்’ என்று கடையில் கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காணாமற்போன டி எழுத்தை நினைத்துக்கொள்வேன். நீளும் நூல் நீண்டு கொடுக்கும், அதே விசையோடு திரும்பியும் இழுக்கும். சுற்றளவில் அது இறுக்கமாக உட்கார்ந்துவிடும். நீளத்தில் இழுத்தால் நாள் முழுதும் நம்மோடு கயிறிழுப்புப் போட்டியில் நிற்கும்.

எழுத்தைக் கைவிடாதவர்களும் உண்டு. அமெரிக்கத் தரைப்படைச் சீருடையில் மீடியம்-ரெகுலர், மீடியம்-லாங் என்று சுற்றளவும் நீளமும் சேர்ந்தே வருகின்றன. குனிந்து நிமிர்ந்து ஓட வேண்டியவனுக்குக் காற்சட்டை கட்டையாக இருந்தால் காரியம் கெடும் என்பது படைக்குத் தெரிந்திருக்கிறது. லண்டனில் 1976இல் உயரமான பெண்களுக்கென்றே லாங் டால் சாலி என்ற கடை தொடங்கியது. 2020இல் கடைகளை மூடியது, பெயரை வேறொரு நிறுவனம் வாங்கி இணையத்தில் நடத்துகிறது. இந்தியாவில் ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாணக் கருவியால் அளந்து இந்திய அளவுப் பட்டியல் உருவாக்கும் திட்டம் ஒன்று உண்டு. ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்ட் எடுத்துக்கொண்ட வேலை. அதில் நீளத்துக்குத் தனி இடம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஏனென்றால் வளர்த்தி கூடிக்கொண்டு போகிறது. 1896இல் பிறந்தவர்களையும் 1996இல் பிறந்தவர்களையும் ஒப்பிட்ட உலகளாவிய ஆய்வில், தென்கொரியப் பெண்கள் அந்த நூறாண்டில் 20 செ.மீ. வளர்ந்திருந்தார்கள். ஈசூனின் சோங் பாங் சந்தையில் பாட்டியையும் பேத்தியையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு ஆய்வு தேவைப்படாது.

இந்த இடத்தில் நம்மவர்கள் வழக்கமாக வேட்டிக்கும் புடவைக்கும் தாவிவிடுவார்கள். தைக்காத துணி, யாருக்கும் பொருந்தும், முன்னோர் அறிவு என்று. பாதி உண்மைதான். பங்குனி உத்திரத்தன்று ஈசூன் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் காவடி எடுப்பவர்களைப் பாருங்கள். ஆறடிக்காரரும் ஐந்தடிக்காரரும் ஒரே அளவு வேட்டியில், ஆளுக்கேற்ப ஏற்றியும் இறக்கியும் கட்டிக்கொண்டு, தடையில்லாமல் ஆடி வருகிறார்கள். ஆனால் உயரமான பெண்ணிடம் புடவையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். புடவை ஐந்தரை மீட்டர் நீளம். இடுப்பைச் சுற்றி எத்தனை கொசுவம் வேண்டுமானாலும் வைக்கலாம். உயரத்தைத் தீர்மானிப்பது அதன் பன்னா, அதாவது துணியின் அகலம். பன்னா 45 அங்குலம் என்றால், உள்ளே செருகியது போக எனக்குக் கணுக்கால் தெரியும். 48 அங்குலப் பன்னா கிடைத்தால் அன்று தீபாவளி. என் அம்மா பழைய புடவையின் துண்டை உள்விளிம்பில் ஒட்டுப்போட்டுத் தருவார். செருகிவிட்டால் வெளியே தெரியாது.

பன்னா ஏன் 45இல் நிற்கிறது? கைத்தறியில் ஊடுநூலைக் கொண்டுபோகும் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடித்த காலத்தில், துணியின் அகலம் நெசவாளியின் இரண்டு கைகளுக்கு இடையே உள்ள தூரத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் ஜான் கே 1733இல் கயிறிழுத்து ஓடவிடும் நாடாவைக் கண்டுபிடித்த பிறகுதான் ஒற்றை ஆள் அதைவிட அகலமாக நெய்ய முடிந்தது. அப்படியானால் புடவையின் உயரத்தில் அதைக் கட்டுகிறவளின் உடம்புக்கு முன்பே இன்னொரு உடம்பு இருக்கிறது: குழித்தறியில் உட்கார்ந்து கை எட்டும் மட்டும் எறிந்த ஒருவரின் உடம்பு. இதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. ஆயத்த உடைமீது வரும் கோபம் இங்கே வராததற்குக் காரணமும் இதுதான். அவர் கை எட்டியவரைக்கும் கொடுத்தார். கடைக்காரரின் அளவுப் பட்டியலில் யாருடைய கையும் இல்லை.

துணி வகையைப் பற்றிச் சுருக்கமாக. பருத்தி உசத்தி என்று நம் வீடுகளில் ஒரு தீர்ப்பு உண்டு. அறைக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் 8.5 விழுக்காடு ஈரத்தை வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் 0.4. சிங்கப்பூர் ஈரப்பதத்தில், விசிறி நின்ற அறையில், பருத்தி பனியன் பத்து நிமிடத்தில் நனைந்து முதுகோடு ஒட்டும். ஒட்டிய துணி கையோடு ஏறும், இறங்காது. உயரமானவர்களுக்கு இதில் இன்னொரு அடி: பதப்படுத்தாத பருத்திப் பின்னல் துணி துவைக்கத் துவைக்கச் சுருங்கும், பெரும்பாலும் நீளவாக்கில். கடையில் மட்டுமட்டாகப் பொருந்திய சட்டை மூன்றாவது சலவையில் தம்பி மகனுக்குப் போய்விடும். பாலியெஸ்டர் நாறும், ஒப்புக்கொள்கிறேன். நான் இரண்டும் கலந்ததை வாங்கி, ஆண்கள் பகுதியில் கிடைக்கும் நீளத்தைப் பெண்கள் பகுதியில் கிடைக்காத எரிச்சலோடு போட்டுக்கொள்கிறேன். ‘ஆண்கள் பகுதிக்குப் போ’ என்பதுதான் எங்களுக்கு எல்லோரும் சொல்லும் முதல் யோசனை. போனால் தோள் அகலம், இடுப்பு குறுகல்.

உயரம் என்பதும் ஒரே சங்கதி இல்லை. நானும் என் தோழியும் நின்றால் சரிசமம். உட்கார்ந்தால் அவள் நான்கு விரல் உயரம். அவளுக்கு உடல் நீளம், எனக்குக் கால் நீளம். எனக்குப் பொருந்தும் லெகிங்ஸில் அவளால் குந்த முடியாது. அவளுக்குப் பொருந்தும் சட்டை எனக்குத் தொடை வரை தொங்கும். ‘டால்’ என்று பட்டை ஒட்டி விற்கும் வெளிநாட்டு உடைகளும் பெரும்பாலும் காலைத்தான் நீட்டுகின்றன, கவட்டை வரையுள்ள நீளத்தை அப்படியே விட்டுவிடுகின்றன. ஆகவே வாங்குமுன் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது நல்லது. உடைமாற்றும் அறையில் குந்துங்கள், கையைத் தூக்குங்கள், குனியுங்கள். என் தலை அறைக்கதவுக்கு மேலே தெரியும். தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

தேக்கா மாடித் தையல்காரரிடம் ஒரு லெகிங்ஸை எடுத்துப் போனேன், கீழே நீட்டித் தரச் சொல்லி. அவர் விளிம்பை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார்.

“மடிப்புல அரை இஞ்ச் கூட இல்லையேம்மா. எங்கேருந்து இறக்க?”

“வேற துணி ஒட்டுப் போட முடியாதாண்ணே?”

“போடலாம். ஆனா உங்களுக்குப் பிரச்சினை கீழ இல்லை. இங்க.” டேப்பை எடுத்து, மேசையில் விரித்த லெகிங்ஸின் முன் இடுப்பிலிருந்து கவட்டை வழியாகப் பின்னால் கொண்டுபோய்க் காட்டினார். “இது பத்தலை. காலை எவ்வளவு நீட்டினாலும் உக்காந்தா இறங்கத்தான் செய்யும்.”

இழுபடும் துணிக்குத் தன் மெஷின் சரிப்படாது, நேர்த்தையல் போட்டால் குந்தும்போது படக்கென்று அறுந்துவிடும் என்று சொல்லிவிட்டு, மெல்லிய நெய்த பருத்தியில் நாடா கட்டும் காற்சட்டை தைத்துத் தருவதாகச் சொன்னார். சல்வாருக்கு வைப்பதுபோல் கவட்டையில் சாய்சதுரமாக ஒரு தனித்துண்டு. நான்கு தையல் ஒரு புள்ளியில் முட்டிக்கொள்ளாமல் அந்தத் துண்டு விரிந்து கொடுக்கும். பின் இடுப்பு முன் இடுப்பைவிட ஒன்றரை அங்குலம் உயரமாக. கீழே மூன்று அங்குல மடிப்பு, துவைத்துச் சுருங்கினால் இறக்கிக்கொள்ள. மேலுக்கு, பக்கவாட்டில் பிளவு வைத்த நீளச் சட்டை. பிளவு இருந்தால் கையைத் தூக்கும்போது விளிம்பு இடுப்பில் மாட்டிக்கொள்ளாது. பார்ப்பதற்கு நவீனமாக இருக்காது என்று எச்சரித்தார். இருக்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டு அடியாழம் வரை குந்தி எழுந்தேன், பட்டை அசையவில்லை. ஒரு கடை லெகிங்ஸைவிடக் கூலி அதிகம். காலை ஒட்டிய உடுப்புக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. ஓட்டத்துக்கு இந்தக் காற்சட்டை உதவாது, தொடையிடுக்கில் உரசுகிறது.

அதற்காகத்தான் திருப்பூர்த் தம்பியிடம் திரும்பப் பேசினேன். எல்லா அளவுகளையும் எழுதி அனுப்பினேன். அவர் ஆர்வமாகவே இருந்தார். நீளத்துக்குத் தனி கிரேடிங் போடுவது பெரிய வேலையே இல்லை என்றார்.

“ஆர்டர் குடுங்க்கா, தெச்சுத் தந்தர்றோம். ஆனா ஒரு கலருக்கு ஐநூறு பீஸாவது எடுக்கோணுங்க.”

கறுப்பு என்று முடிவு செய்திருக்கிறேன். ஈசூனில் இதுவரை மூன்று பேர் தேறியிருக்கிறோம். எங்கள் புளோக்கின் ஏழாவது மாடிப் பெண்ணுக்குப் பதினான்கு வயது, இப்போதே என் தோளுக்கு வந்துவிட்டாள். அவளையும் கணக்கில் சேர்க்கலாமா என்று அவள் அம்மாவிடம் கேட்க வேண்டும்.